எஃப் துளைக்குள் டார்ச் அடியுங்கள்: கிட்டார் கேள்வி-பதில்

கே: சர்ச் குழுவிலும் மெல்லிசைக் கச்சேரிகளிலும் வாசிக்கிறேன். கையில் இருப்பது ஸ்ட்ராட் மாடல் (உள்ளே காலியில்லாத கட்டை உடம்பு). உருண்டையான, கதகதப்பான தொனி வேண்டும் என்று செமி ஹாலோ (உடம்பு பாதி காலியான எலெக்ட்ரிக் கிட்டார்) தேடுகிறேன். இபனெஸ் ஏஎஸ்73, எபிஃபோன் கசீனோ, கிரெட்ச் ஜி2622 மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கின்றன. எதை வாங்கலாம்? (தூத்துக்குடி வாசகர்)

பார்வைக்குத்தான். கசீனோ செமி ஹாலோவே கிடையாது, உள்ளே முழுக்கக் காலி. கடைக்காரர்கள் செமி ஹாலோ, முழு ஹாலோ இரண்டையும் ஒரே பெயரில் விற்பதால்தான் இத்தனை குழப்பம்.

1958இல் கிப்சன் இஎஸ்-335ஐக் கொண்டுவந்தபோது செய்த புதுமை, உடம்பின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு மேப்பிள் கட்டையை வைத்ததுதான். பிக்கப்பும் (ஸ்ட்ரிங் அதிர்வை மின்சிக்னலாக்கும் காந்தச் சுருள்) பிரிட்ஜும் (உடம்பின் மேல் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் பாலம்) அந்தக் கட்டையின் மேல் உட்காரும். இரு பக்கமும் மட்டும் காலி. ஆம்ப் சத்தத்துக்கு மேல்பலகை தானாக அதிர ஆரம்பிப்பதைக் கட்டை அடக்குகிறது. டிரம்ஸுக்கு நாலடி தள்ளி நின்று வாசிக்கிற உங்களுக்கு இதுதான் முக்கியம். கடையில் போன் டார்ச்சை ஒரு எஃப் துளைக்குள் (மேல்பலகையில் f எழுத்து வடிவில் வெட்டிய துளை) அடித்துக் குறுக்கே பாருங்கள். மரச்சுவர் தெரிந்தால் கட்டை உண்டு. எதிர்ப்பக்கத் துளை தெரிந்தால் ஹாலோ. சில மாடல்களில் பிரிட்ஜுக்கு அடியில் மட்டும் சின்னத் துண்டு இருக்கும். அது ஹாலோவுக்குத்தான் நெருக்கம்.

கசீனோ நல்ல கிட்டார். வீட்டில், ஸ்டுடியோவில், சத்தம் குறைந்த கஃபேயில் அதன் அழகே தனி. ஆனால் அதன் பி-90 பிக்கப் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) என்பதால் சீரியல் பல்பும் டிம்மரும் நிறைந்த மேடையில் இரையும். மானிட்டரை (உங்களை நோக்கி வைத்த மேடை ஸ்பீக்கர்) திறந்தால் ஊளையிடும். ஜி2622இல் ஸ்ப்ரூஸ் நடுக்கட்டை உண்டு, தொனி சற்றுப் பளிச். நீங்கள் சொல்கிற தொனிக்கு எங்கள் ஓட்டு ஏஎஸ்73க்கு: கட்டை, இரண்டு ஹம்பக்கர் (இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்), அசையாத பிரிட்ஜ். நெக் பிக்கப்பில் டோனைப் பாதிக்குக் குறைத்தால் கேட்ட உருண்டை வந்துவிடும். பணம் இழுத்தால் ஏஎஸ்53. அமைப்பு அதேதான், அலங்காரமும் பிக்கப்பும் ஒரு படி கீழே.

மேல்பலகை பிளைவுட் என்று யாராவது முகம் சுளித்தால் கண்டுகொள்ளாதீர்கள். பல மடங்கு விலையுள்ள 335உம் ஒட்டுப்பலகைதான். கடற்கரை ஊரின் ஈரத்துக்கு அதுவே நல்லது.

இன்னொன்று: ஸ்ட்ராட்டின் ஸ்கேல் (அதிரும் ஸ்ட்ரிங்கின் நீளம்) 25.5 அங்குலம், இவை ஏறத்தாழ 24.75. அதே ஸ்ட்ரிங் இங்கே தளர்வாகத் தெரியும். 9 (மிக மெல்லிய ஸ்ட்ரிங்கின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்பது) போட்டுப் பழகியவர் 10–46க்கு மாறுங்கள், தளர்வு ஈடாகிவிடும்.

கே: செகண்ட் ஹேண்டில் எபிஃபோன் டாட் (335 பாணி செமி ஹாலோ) ஒன்று வருகிறது. எதையெல்லாம் பார்க்க வேண்டும்? (கோவை வாசகர்)

முதலில் தலை. பின்னோக்கிச் சாய்ந்த தலை இது; கீழே விழுந்தால் உடைவது நட்டுக்கு (தலையருகே ஸ்ட்ரிங்குகள் படியும் பள்ளமிட்ட துண்டு) பின்பக்கம்தான். அந்த இடத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மயிரிழைக் கோடோ, சுற்றியுள்ள பாலிஷோடு சேராத மினுக்கமோ இருந்தால் ஒட்டியிருக்கிறார்கள். சுத்தமாக ஒட்டிய கழுத்து வருடக்கணக்கில் நிற்கும், ஆனால் விலை பாதியாக வேண்டும்.

அடுத்து கழுத்தின் வளைவு. முதல் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) கேப்போ (ஸ்ட்ரிங்குகளை மொத்தமாக அழுத்தும் கிளிப்) போட்டு, கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் ஆறாவது ஸ்ட்ரிங்கை அழுத்துங்கள். ஏழாவது ஃப்ரெட்டுக்கும் ஸ்ட்ரிங்குக்கும் நடுவே 0.25 மி.மீ., அதாவது ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழையும் இடைவெளி போதும். அதைவிட அதிகமென்றால் டிரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பி) கால் சுற்று இறுக்கி, டியூன் செய்து, மறுபடி பாருங்கள். ராடு ஏற்கெனவே முழுக்க இறுகி நின்றுவிட்டது, வளைவு மட்டும் போகவில்லை என்றால் அந்தக் கிட்டார் வேண்டாம். ஆக்‌ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல் ஸ்ட்ரிங் நிற்கும் உயரம்) பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடிமன் ஸ்ட்ரிங்குக்கு 2 மி.மீ., மெல்லியதற்கு 1.5 மி.மீ. பக்கம் வந்தால் மேடைக்குச் சரி.

பிறகு ஆம்பில் போட்டு நாலு குமிழையும் திருகுங்கள். கரகரப்பு என்றால் கான்டாக்ட் கிளீனரில் பெரும்பாலும் போய்விடும். சுவிட்சை நடுவில் வைத்து ஒரு வால்யூமை மட்டும் பூஜ்யமாக்கினால் இரண்டு பிக்கப்பும் சேர்ந்தே அடங்கும். பலர் இதைப் பழுது என்று நினைத்து விலை பேசுகிறார்கள்; வயரிங்கே அப்படித்தான். கடைசியாக, கேபிளைச் செருகி ஜாக்கை ஆட்டிப் பாருங்கள். சத்தம் விட்டு விட்டு வந்தால் அடுத்த பதில் உங்களுக்கும்தான்.

கே: அவுட்புட் ஜாக் லூஸாகி, இறுக்கப் போனபோது உள்ளே விழுந்துவிட்டது. பின்பக்கம் திறக்க மூடியும் இல்லை. என்ன செய்வது? (திருச்சி வாசகர்)

செமி ஹாலோவின் நிரந்தரத் தலைவலி இது. வெளியே ஜாக்கின் திருகு நட்டைத் திருகும்போது உள்ளே ஜாக்கும் சேர்ந்து சுற்றும், வயர் முறுக்கிக்கொண்டு சால்டரிங் விட்டுப்போகும். வெளியே எடுக்கும் வழி எஃப் துளை ஒன்றே.

மெழுகு தடவிய தடித்த நூல், முனை வளைத்த மெல்லிய கம்பி, மல்லாக்கப் படுக்க வைக்க ஒரு போர்வை. இவ்வளவு போதும். நூலை ஜாக் துளை வழியாக உள்ளே விட்டு, அதன் முனையைக் கம்பிக் கொக்கியால் எஃப் துளை வழியே வெளியே இழுங்கள். ஜாக்கையும் அதே வழியில் வெளியே கொண்டுவந்து, வயர் விட்டிருந்தால் துளைக்கு வெளியிலேயே சால்டர் செய்யுங்கள். துளை ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டாமல் இரும்பை எடுக்காதீர்கள், பாலிஷில் ஒரு சொட்டு ஈயம் விழுந்தால் முடிந்தது கதை. ஒரு கேபிளைச் செருகி, சத்தம் வருகிறதா என்று இங்கேயே பார்த்துவிடுங்கள்.

பிறகு ஜாக்கின் உட்பக்கத்தில் பல் வைத்த ஸ்டார் வாஷர் ஒன்று கட்டாயம். அது இல்லாததால்தான் ஜாக் சுற்றியது. நூலை மரையில் இறுக்கிச் சுற்றி முடிச்சிட்டு, ஜாக்கை உள்ளே விட்டு, வெளியிலிருந்து மெல்ல இழுத்தால் துளையில் வந்து நிற்கும். நூலை விடாமல் பிடித்தபடியே வாஷரையும் நட்டையும் அதன் மேல் கோத்து, இரண்டு மரை பிடித்த பிறகு நூலை அவிழுங்கள். வால்யூம், டோன் குமிழ்களுக்கும் இதே முறைதான். அங்கே நூலுக்குப் பதில் மீன்தொட்டிக்குக் காற்றுப் போகும் குழாயைத் தண்டில் மாட்டினால் வேலை சுலபம்.

கே: வாங்கியதும் பிக்கப் மாற்றிவிடலாமா? (சென்னை வாசகர்)

முதலில் ஸ்ட்ரிங், அடுத்து செட்டப், அடுத்து ஜாக். அதற்குப் பிறகும் மனது கேட்டால் மாற்றுங்கள். பெரும்பாலும் கேட்காது.

கே: கட்டை வைத்த செமி ஹாலோதான். ஆனாலும் கல்யாண மண்டபத்தில் ஊளை வருகிறது. (மதுரை வாசகர்)

எந்த ஊளை? 'ஊம்ம்' என்று அடிவயிற்றிலிருந்து எழும்புவது உடம்பின் காற்று அதிர்வு. 'கீச்' என்பது பிக்கப்பின் காயில் ஆடுவது. விரல் நகத்தால் பிக்கப் மூடியைத் தட்டினால் மைக்கைத் தட்டியதுபோல ஆம்பில் கேட்கும். அதற்கு மெழுகில் முக்குவதுதான் வைத்தியம், தெரிந்த டெக்னீஷியனிடம் கொடுங்கள்.

'ஊம்ம்'முக்கு: ஆம்புக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். மானிட்டரில் உங்கள் கிட்டாரின் அடித்தொனியைக் குறைக்கச் சொல்லுங்கள்; தொல்லை பெரும்பாலும் 100 முதல் 250 ஹெர்ட்ஸுக்குள்தான் இருக்கும். பாட்டுக்கு நடுவில் கம்ப்ரஸரை (மெல்லிய ஒலியைத் தூக்கிக் காட்டும் கருவி) அணையுங்கள், நீங்கள் சும்மா நிற்கும்போது ஊளையைத் தூக்கிக் கொடுப்பதே அதுதான். இவ்வளவும் போதாவிட்டால் எஃப் துளைக்கு நுரை அடைப்பான் வெட்டிப் போடுங்கள். ப்ளூஸ் மேதை பி.பி. கிங் துணியைத் திணித்துத்தான் வாசித்தார். 1980இல் கிப்சன் அவருக்காகக் கொண்டுவந்த லூசில் மாடலில் துளையே வைக்கவில்லை. அடைப்பான் துளைக்குள் இறுக்கமாக நிற்கட்டும், பசை வேண்டாம்.

கே: பாடிக்கொண்டே வாசிப்பேன். சில மேடைகளில் மைக்கில் உதடு பட்டால் சுள்ளென்கிறது. கிட்டார் பழுதா? (சேலம் வாசகர்)

கிட்டார் அல்ல, எர்த். உங்கள் ஆம்ப் ஒரு லைனிலும் சவுண்ட் சிஸ்டம் வேறு லைனிலும் ஓடி, இரண்டில் ஒன்றுக்கு எர்த் இல்லாவிட்டால் வித்தியாசம் உங்கள் உதட்டில் வந்து சேரும். இன்று சுள், நாளை உயிருக்கே ஆபத்து. மல்ட்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையை ஸ்ட்ரிங்கிலும் மறுமுனையை மைக் வலையிலும் வையுங்கள். ஏறத்தாழ பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், எர்த் உள்ள ஒரே பாயின்ட்டிலிருந்து இரண்டுக்கும் கரன்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். சரிசெய்யும்வரை மைக் பக்கம் போக வேண்டாம். இரைச்சலை நிறுத்த மூன்றாவது பின்னைக் கழற்றுகிற ஆசாமி குழுவில் இருந்தால், பிளக்குகளை அவரிடமிருந்து ஒளித்து வையுங்கள்.

கே: மூன்றாவது ஸ்ட்ரிங் மட்டும் டியூனிங்கில் நிற்பதில்லை. (புதுச்சேரி வாசகர்)

நட்டிலிருந்து டியூனருக்குச் சாய்ந்து போகிற ஸ்ட்ரிங் அது, பள்ளத்தில் சிக்குகிறது. டியூனரைத் திருப்பும்போது 'டிங்' என்று கேட்டால் சந்தேகமே வேண்டாம். பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்த்துப் பாருங்கள். சரியானால் அதோடு விடுங்கள். ஆகாவிட்டால் 10–46 செட்டின் மூன்றாவது ஸ்ட்ரிங்குக்கு ஏற்ற அளவில் நட் அரத்தால் ஒரே ஒரு இழுப்பு, தலைப்பக்கமாகச் சரிவாக. ஆழத்தைக் கூட்டிவிட்டால் நட்டையே மாற்ற வேண்டி வரும்.