சன்னதித் தெருவில் நின்ற பெண் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் டோக்கியோவின் ஹராஜூகு பகுதியில் ஒரு வழிகாட்டியுடன் நடந்தோம். முதலில் மெய்ஜி ஆலயம், பிறகு தகேஷிதா தெரு. “அந்தப் பக்கம் தொன்மையான ஜப்பான், இந்தப் பக்கம் இன்றைய ஜப்பான்” என்றார் அவர். தோரி எனப்படும் பெரிய ஆலய நுழைவாயிலின் முன் நான் கண்கலங்கி நின்றேன். என் பதினேழு வயது மகளுக்கோ தகேஷிதாவின் கடைகளில்தான் முகம் மலர்ந்தது. இத்தகைய பிள்ளைகளின் கையில் ஜப்பானின் தொல்சமயமான ஷிண்டோவின் மரபு பிழைக்குமா? சன்னதியில் எத்தனை முறை கைதட்ட வேண்டும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு முறை குனிந்து வணங்கி, இரண்டு முறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை வணங்குவார்கள். அதில் வேறு மர்மம் ஏதும் இல்லை.

உங்களைக் கண்கலங்க வைத்த அந்தத் தோரி 1975இல் நிறுவப்பட்டது. முதலில் இருந்த வாயில் 1966இல் இடி விழுந்து சேதமடைந்தது. ஆலயமே 1920இல் எழுந்ததுதான். 1945இல் குண்டுவீச்சில் எரிந்த அதன் கட்டடங்களை 1958இல் மீண்டும் கட்டினார்கள். இவற்றை வழிகாட்டி சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் தொன்மை என்ற சொல்லைக் கேட்டவுடன் உருகி, கேள்வியே கேட்காமல் நின்றது உங்கள் பிழை.

ஆலயத்தைச் சூழ்ந்திருக்கும் காட்டைப் பற்றித்தான் நான் பல நாட்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நாடெங்கிலுமிருந்து மக்கள் அனுப்பிய ஏறத்தாழ ஒரு லட்சம் மரங்களை, ஊர்தோறும் இருந்த இளைஞர் சங்கங்களிலிருந்து ஊதியமின்றி வந்த ஏறத்தாழ 1,10,000 பேர் நின்று உருவாக்கிய காடு அது. ஆலயம் என்றால் நிக்கோ நகரின் ஆலயத்தில் உள்ளதுபோல் ஓங்கிய சுகி எனும் ஊசியிலை மரங்களே வேண்டும் என்றார் அன்றைய பிரதமர் ஒகுமா ஷிகெனொபு. டோக்கியோவின் புகையில் சுகி தழைக்காது என்று மறுத்த வனவியலாளர் ஹொண்டா செய்ரோகுவும் அவருடைய மாணவர்களும், கற்பூர மரம், ஓக் போன்ற பசுமைமாறா மரங்களைத் தேர்ந்தார்கள். நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் மனிதக் கை படாமலேயே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் காடாக அது ஆகவேண்டும் என்று திட்டமிட்டார்கள். அந்நாளை நாம் பார்க்கமாட்டோம் என்று தெரிந்தே இருபது வயதுப் பிள்ளைகள் குழி தோண்டினார்கள். நீங்கள் மரபு என்று வணங்கியது அவர்களுடைய உழைப்பை. மரபு காக்க வந்த முதியவர்களின் விருப்பப்படி நட்டிருந்தால் அந்தக் காடு இன்று இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

நான் அங்கே சென்றது ஒரு நவம்பரில். சரளைப் பாதையில் நீண்ட துடைப்பத்தால் சருகுகளைக் கூட்டிக்கொண்டிருந்தவர், அவற்றை வெளியே கொண்டுசெல்லாமல் மரங்களின் அடியிலேயே சேர்த்தார். உதிர்ந்த இலை காட்டுக்கே திரும்பவேண்டும் என்பது ஆலயம் தோன்றிய காலத்திலிருந்து வரும் விதி. புத்தகத்தில் வைப்பதற்காக நான் எடுத்திருந்த இலையை அவர் பார்த்தார்; ஒன்றும் சொல்லவில்லை. நானே அதை மரத்தடியில் போட்டுவிட்டேன்.

தகேஷிதாவுக்குப் பக்கத்திலுள்ள ஓமோதெசாந்தோ சாலையும் 1920இல் இந்த ஆலயத்துக்காகவே போடப்பட்டது. அந்தப் பெயருக்கு நம் மொழியில் சன்னதித் தெரு என்றே பொருள் சொல்வேன். 1980இல் அதன் அருகே பளபளக்கும் உடைகளில் ஆடிய பிள்ளைகள் இன்று அறுபதைத் தொட்டிருப்பார்கள். புத்தாண்டின் முதல் மூன்று நாட்களில் அந்த ஆலயத்துக்கு வரும் சுமார் முப்பது லட்சம் பேரில் அவர்களும் இருக்கக்கூடும்.

தோரியைப் பற்றி உங்கள் கடிதத்தில் அத்தனை உருக்கம் இருக்கிறது. உங்கள் மகள் அந்தக் கடைகளில் எதைக் கண்டு மலர்ந்தாள் என்று ஒரு வரிகூட இல்லை. அவளிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்.