நோயாளியைப் பார்ப்பவருக்குச் செப நேரம் எது?

கேள்வி: பக்கவாதத்தில் படுத்துவிட்ட என் அத்தையை (கணவரின் அம்மா) எட்டு மாதமாகக் கவனிக்கிறேன். துடைப்பது, ஊட்டுவது, துணி அலசுவது என்றே பொழுது போய்விடுகிறது. செபமாலை பாதியில் நின்றுவிடுகிறது. ஞாயிறு பூசைக்கும் போக முடிவதில்லை. கடவுளை விட்டு விலகிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, ரங்கூன்

பதில்: அன்புச் சகோதரி, உடம்பு வேலை வேறு, ஆன்மிகம் வேறு என்று பிரித்து வைத்திருக்கிறீர்கள். உங்கள் பயம் அங்கிருந்துதான் வருகிறது. இயேசுவின் உடல் வெறும் தோற்றம் என்று சொன்னவர்கள் ஆதியிலேயே இருந்தார்கள்; திருச்சபை அதை ஏற்கவில்லை. பாவம் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவர் நம்மைப் போன்றவர் என்று 451இல் கால்செதோன் நகரில் கூடிய ஆயர்களின் பொதுச்சங்கம் அறிவித்தது. குழந்தையாகப் பிறர் கையால் துணி சுற்றப்பட்டவர் அவர். கிணற்றடியில் களைத்து உட்கார்ந்தவர்.

அதனால் செபத்துக்கென்று புதிதாக நேரம் தேட வேண்டாம். படுக்கைப் புண் வராதிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அத்தையைப் புரட்டிப் படுக்க வைப்பீர்கள் அல்லவா? கை வைக்கும் முன் ஒரு மூச்சு நேரம் நின்று, "வாக்கு மனிதர் ஆனார், நம்மிடையே குடிகொண்டார்" என்று சொல்லுங்கள். பிறகு கவனமெல்லாம் அத்தையின் உடம்பில் இருக்கட்டும். இடுப்பு, முதுகின் அடிப்பகுதி, குதிகால் மூன்றையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் சற்று வெளுக்க வேண்டும். வெளுக்கவில்லை என்றால் புண் தொடங்குகிறது. அங்கே தேய்க்காதீர்கள், பாரம் விழாமல் படுக்க வைத்து டாக்டரிடம் சொல்லுங்கள். செயலிழந்த பக்கத்தில் சூடு தெரியாமல் போகலாம் என்பதால், துடைக்கும் வெந்நீரை முதலில் உங்கள் முழங்கையின் உட்புறத்தில் விட்டுப் பாருங்கள். இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்வதே செபம்தான்.

இதில் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 'அத்தையில் இயேசுவைக் காண்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே அத்தையைக் காணாமல் விட்டுவிடுவார்கள். கடவுள் ஊர் பேர் இல்லாத மனிதராக வரவில்லை. நாசரேத்து ஊர்க்காரராக, மரியாவின் மகனாக வந்தார். அத்தைக்கும் சொந்த விருப்பங்கள் உண்டு. தனக்கா (முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்து) பூசிவிடட்டுமா, எந்தப் பக்கம் பார்த்துப் படுக்க வேண்டும் என்று கேளுங்கள். பேச்சு வராவிட்டால், சம்மதத்துக்குக் கண்ணை மூடித் திறக்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டையும் தூக்கத்தையும் விடுவதைத் தவமாக நினைக்காதீர்கள். இயேசுவே படகில் தலையணை வைத்துத் தூங்கியவர். இரவில் ஒருமுறையாவது உங்கள் கணவர் எழுந்து அம்மாவைப் புரட்டட்டும்.

ஆனால் வேலையே செபம் என்று வாய்ச்செபத்தை அடியோடு விட்டுவிடவும் வேண்டாம். சில வாரத்தில் அது வெறும் வேலையாகிவிடும். செபமாலையில் பத்து மணிகள் மட்டும் சொன்னால் போதும். காலை, நண்பகல், மாலை மூவேளை செபத்துக்கு இரண்டு நிமிடம் ஆகும். மனப்பாடம் என்பதால் கரண்ட் இல்லாத மாலையிலும் தடையில்லை. அலுப்பும் கோபமும் வந்தால் அதையும் அப்படியே ஆண்டவரிடம் சொல்லுங்கள். திருப்பாடல்களில் அதற்கு முன்மாதிரி நிறைய இருக்கிறது.

வேறு ஆள் இல்லாமல் நோயாளியோடு இருப்பவர் ஞாயிறு பூசைக்குப் போகாதது பாவமல்ல. பங்குச் சாமியாரிடம் சொன்னால் வீட்டுக்கே நற்கருணை (பூசையில் தரும் திருவப்பம்) வரும். சிறிய மேசையில் வெள்ளைத் துணி, சிலுவை, மெழுகுதிரி, ஒரு குவளைத் தண்ணீர் வைத்தால் போதும். நற்கருணை வாங்கும் முன் இருக்கும் ஒரு மணி நேர உபவாசம் நோயாளிக்கும் கிடையாது, அவரைப் பார்த்துக்கொள்ளும் உங்களுக்கும் கிடையாது. அத்தைக்கு விழுங்கச் சிரமம் என்றால் சாமியாரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள், சிறு துண்டாகக் கொடுப்பார். நிமிர்த்தி உட்கார வைத்திருங்கள். நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதலையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.