கப்பலை விட்டு இறங்கலாமா?

கேள்வி: சரக்குக் கப்பலில் சீஃப் ஆபீசராக இருக்கிறேன், வயது 36. மாமனாருக்குக் கலர் சோடா கம்பெனி. "கடலை விட்டுட்டு வந்து இதைப் பாருங்க மாப்பிள்ளை" என்கிறார். சகலை ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறார். அமெரிக்காவில் ஒரு கடல் கேப்டன் வேலையை உதறிவிட்டு பீர் கம்பெனி தொடங்கிப் பெரிய ஆளானதாகப் படித்ததிலிருந்து எனக்கும் ஆசை. ஆனால் ஊர் 'வீட்டோட மாப்பிள்ளை' என்று சொல்லுமே?
– பெயர் வேண்டாம், தூத்துக்குடி

பதில்: நீங்கள் படித்தது ஃபிரெடரிக் பாப்ஸ்ட் கதையாகத்தான் இருக்க வேண்டும். அதில் இரண்டு திருத்தம். அவர் ஓட்டியது கடலில் இல்லை, மிச்சிகன் ஏரியில் (அந்த ஏரியில் புயல் அடித்தால் உங்கள் வங்காள விரிகுடாவே பரவாயில்லை என்பீர்கள்). அப்புறம், கம்பெனியை அவர் தொடங்கவும் இல்லை. அது மாமனார் வீட்டுக் கம்பெனி. அதனால்தான் அவர் கதை உங்களுக்கு இன்னும் பொருந்துகிறது.

1848இல், 12 வயதில், ஜெர்மனியிலிருந்து பெற்றோரோடு வந்தவர். மறு வருடமே அம்மா காலராவில் போய்விட்டார். ஹோட்டலில் எடுபிடி, நீராவிக் கப்பலில் கேபின் பையன் என்று ஆரம்பித்து இருபதுகளிலேயே கேப்டன். 1862இல், அந்த ஏரிக்கரை ஊரான மில்வாக்கியில் பீர் காய்ச்சிக்கொண்டிருந்த பிலிப் பெஸ்ட்டின் மகள் மரியாவைக் கட்டினார். அடுத்த வருடம் டிசம்பர் புயலில் அவருடைய 'சீ பேர்ட்' கப்பல் மில்வாக்கிக்குப் பக்கத்தில் தரைதட்டியது, அதோடு போதும் என்று இறங்கிவிட்டார். (அதே கப்பல் 1868இல் ஏரியில் போகும்போதே தீப்பிடித்து எரிந்தது, பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.)

கவனிக்க வேண்டியது இதற்கு அப்புறம் நடந்ததுதான். 1864இல் அவர் மாமனாரிடம் சம்பளத்துக்குப் போகவில்லை. சுமார் 21,000 டாலர் கொடுத்துக் கம்பெனியில் பாதியை வாங்கினார். இரண்டு வருடம் கழித்து மாமனார் ஒதுங்கியபோது மறு பாதி இன்னொரு மருமகனான எமில் ஷாண்டைனுக்குப் போனது. ஆமாம், பாப்ஸ்டுக்கும் ஒரு சகலை! 1873இல் அதை முறையாக கம்பெனியாகப் பதிவு செய்தபோது பாப்ஸ்ட் தலைவர், ஷாண்டைன் துணைத் தலைவர் என்று எழுத்தில் வந்தது. மறு வருடம் அமெரிக்காவிலேயே பெரிய பீர் கம்பெனி அதுதான், 1893க்குள் வருடத்துக்குப் பத்து லட்சம் பீப்பாய். லாகர் பீர் குளிரில் கிடந்து பக்குவப்பட வேண்டும், மில்வாக்கியில் குளிர்காலம் வந்தால் ஐஸுக்குப் பஞ்சமில்லை, சரக்கு அனுப்ப வாசலிலேயே ஏரி. அந்த ஏரியின் துறைமுகங்களைக் கேப்டனாகவே சுற்றிப் பார்த்தவருக்கு சரக்கை எங்கே எப்படித் தள்ளுவது என்று தெரியாமலா இருந்திருக்கும்? கப்பல் அனுபவம் வீண் போகும் என்று நீங்களும் நினைக்காதீர்கள். லோடிங், ஸ்டோர், ஆள் மேய்ப்பது, நள்ளிரவில் பழுதாகும் மெஷின், எல்லாம் பார்த்த ஆள்தானே நீங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறு. மாமனார் 1869இலேயே இறந்துவிட்டார், ஆனாலும் இருபது வருடம் கம்பெனிப் பெயர் பிலிப் பெஸ்ட்தான். சகலையும் இறந்த பிறகு, 1889இல்தான் 'பாப்ஸ்ட்' என்று மாறியது. மாமனார் இறந்த மாதமே போர்டை மாற்றத் துடிக்கும் மருமகன்களை எனக்குத் தெரியும்.

சரி, உங்கள் விஷயம். ஊர் என்ன சொல்லும் என்பதை விடுங்கள். பணம் போட்டுப் பங்கு வாங்கியவரை யாரும் வீட்டோடு மாப்பிள்ளை என்று சொல்ல முடியாது. சொன்னாலும் ஆறு மாதம். சேமிப்பில் ஒரு பகுதியைப் போடுங்கள், முழுவதையும் அல்ல. கம்பெனியின் மூன்று வருடக் கணக்கை வெளி ஆடிட்டர் ஒருவரிடம் காட்டிவிட்டுப் பேரம் பேசுங்கள், மாமனார் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். உங்களுக்கு எது, சகலைக்கு எது என்று பத்திரத்தில் வரட்டும், 'நமக்குள்ள என்ன மாப்பிள்ளை' என்று ஆரம்பித்த பங்காளிகள்தான் பிறகு கோர்ட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை ராஜினாமா வேண்டாம். அடுத்த காண்ட்ராக்ட் முடிந்து சைன் ஆஃப் ஆனதும் லீவில் இரண்டு மாதம் கம்பெனியில் பாட்டில் கழுவும் இடத்திலிருந்து நின்று பாருங்கள், கப்பல் அதிகாரிக்கான தகுதிச் சான்றிதழை (சி.ஓ.சி.) காலாவதியாக விடாதீர்கள்.

அப்புறம் ஒன்று. மாமனார் சொன்னது, சகலை இருப்பது, ஊர் பேசுவது எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், உங்கள் மனைவி என்ன சொல்கிறார் என்று ஒரு வரிகூட இல்லையே? கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.