கொலராடோவில் எல்க் வேட்டைக்கு எந்த காலிபர் (தோட்டா அளவு), எந்த குண்டு சரியாக இருக்கும்?

உங்கள் நிலவரத்தை நான் புரிந்துகொண்டது இது. டல்லாஸில் இருக்கிறீர்கள், .308 வின்செஸ்டர் ரைஃபிள் வைத்து வெள்ளைவால் மான் வேட்டையாடிப் பழக்கம். அக்டோபரில் முதல்முறையாக கொலராடோ மலைக்கு எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்குப் போகிறீர்கள். கூட வருபவர்கள் இன்னும் வலுவான .300 வின்செஸ்டர் மேக்னம் ரைஃபிள் வாங்கியே ஆக வேண்டும் என்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். உங்கள் .308 தாராளமாகப் போதும். மாற்ற வேண்டியது ரைஃபிளை அல்ல, அதில் போடும் குண்டை. டெக்சாஸ் மானுக்கு வாங்கி வைத்த சாதாரண தோட்டாக்களை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

ஏன் என்பதற்கு மிருகத்திலிருந்து தொடங்க வேண்டும். வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். பெண்ணே 220 கிலோ வரும். நீங்கள் பார்த்துப் பழகிய வெள்ளைவால் மானைவிடப் பல மடங்கு எடை. தடித்த தோல், அடர்ந்த முடி, அதற்குள் கனத்த சதை, விலா, சில கோணங்களில் தோள் எலும்பும். குண்டு இவ்வளவையும் கடந்து இரண்டு நுரையீரலையும் துளைக்க வேண்டும். நுழைந்த சில அங்குலத்தில் சிதறிவிட்டால் மேலே பெரிய காயம் இருக்கும், உள்ளே ஒன்றும் ஆகியிருக்காது. அந்த நிலையில் எல்க் விழாது. கரும்பச்சைக் காட்டுக்குள் நடந்து போய்விடும், நாள்கணக்கில் துடித்துச் சாகும். வேட்டையாடுகிறவர் இதைத் தவிர்ப்பதற்காகத்தான் எல்லாக் கணக்கும் போட வேண்டும் என்று நினைக்கிறேன். நமக்கு எத்தனை கெஜம் தூரத்தில் சுட முடியும் என்று காட்டுவதற்காக அல்ல.

இந்தப் பிரச்சினை பழையது. 1946-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நாஸ்லர் என்பவர் சேறு அப்பிய மூஸ் என்ற மிகப் பெரிய மான் ஒன்றைச் சுட்டார். கையில் இருந்தது .300 ஹெச் அண்ட் ஹெச் மேக்னம், அந்தக் காலத்துக்கு நல்ல வலுவான ரைஃபிள். ஆனாலும் குண்டுகள் உள்ளே போய்ச் சேரவில்லை. அவர் இதைவிடப் பெரிய துப்பாக்கியைத் தேடிப் போகவில்லை. குண்டின் நடுவே செம்புக் கலவையில் ஒரு தடுப்பு வைத்தார். முன்பாதி விரியும், பின்பாதி முழுசாக நின்று உள்ளே தள்ளிக்கொண்டு போகும். அதுதான் நாஸ்லர் பார்ட்டிஷன். இன்றும் கடையில் கிடைக்கிறது, இன்றும் எல்க்கை நம்பிக்கையோடு சுடலாம்.

இன்று கிடைக்கும் வேட்டைக் குண்டுகளைப் பொதுவாக இப்படிப் பார்க்கலாம். ஈயத்தின் மேல் மெல்லிய செம்பு உறை மட்டும் உள்ளவை மலிவானவை. மானுக்குச் சரி, எல்க்கின் தோள் எலும்பில் பட்டால் எப்படி நடந்துகொள்ளும் என்று உறுதி சொல்ல முடியாது. அடுத்தது பார்ட்டிஷன் போலத் தடுப்பு வைத்தவை, அல்லது ஈயத்தை உறையோடு பிரியாமல் ஒட்டிய அக்யூபாண்ட் போன்றவை. இவற்றில் எதுவும் எல்க்குக்கு நன்றாகவே இருக்கும். அப்புறம் முழுக்க செம்பாலேயே செய்தவை, பார்ன்ஸ் டிடிஎஸ்எக்ஸ் மாதிரி. நெடுந்தூரக் குறிக்கென்று வடிவமைத்த ஈஎல்டி-எக்ஸ் போன்ற குண்டுகளால் எல்க் அடித்தவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் 60, 70 கெஜத்தில் புதருக்குப் பின்னாலிருந்து ஒன்று எழுந்து நின்றால், வேகம் குறையாத அந்தக் குண்டு தோள் எலும்பில் பட வேண்டியிருந்தால், எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

நான் பயன்படுத்துவது முழுச் செம்பு. முக்கியக் காரணம் இறைச்சி. ஈயக் குண்டு உடம்புக்குள் போகும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்களாகப் பிரிந்து காயத்தைச் சுற்றி வெகு தூரம் பரவும். வீட்டில் குழந்தைகள் சாப்பிடுகிறார்கள், அவர்கள் தட்டில் ஈயம் போகக் கூடாது. காட்டில் விட்டுவரும் குடலைத் தின்ன வரும் கழுகுகளுக்கும் அந்த ஈயம்தான் விஷம். கலிஃபோர்னியாவில் காண்டோர் கழுகுகள் ஈயத்தால் செத்ததை அடுத்து, 2019 ஜூலையிலிருந்து மாநிலம் முழுக்க வேட்டைக்கு ஈயக் குண்டையே தடை செய்துவிட்டார்கள். கொலராடோவில் அந்தத் தடை இல்லை, இருந்தாலும் செம்புக்கு மாறுங்கள் என்றுதான் சொல்வேன்.

செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் எடையில் ஒரு படி இறங்கலாம். ஈயக் குண்டில் 165 அல்லது 180 கிரெயின் (குண்டின் எடை அளவு) போடுகிற இடத்தில், .308-க்கு 150 கிரெயின் செம்பு போதும். ஒரு எச்சரிக்கையும் உண்டு: செம்பு விரிய வேகம் வேண்டும். நொடிக்கு 2,000 அடிக்குக் கீழே இறங்கினால் சரியாக விரியுமா என்ற சந்தேகம் வந்துவிடும். .308-இல் அது ஏறக்குறைய 350, 400 கெஜத்தில் நடக்கும். முதல்முறை மலையேறுகிற ஒருவர் அந்தத் தூரத்துக்கு அப்பால் சுடவே கூடாது என்பதால் இதை நான் குறையாகவே கருதவில்லை.

சில வருடங்களுக்கு முன் கொலராடோவின் ஃபிளாட் டாப்ஸ் மலைப் பக்கம் ஒரு பெண் எல்க்கை 200 கெஜம் சுமாரில் சுட்டேன். சற்றே பக்கவாட்டாக நின்றது. குண்டு பட்ட சத்தம் கேட்டது, எல்க் அசையவில்லை. கால்கூட மடங்கவில்லை. உடனே இரண்டாவது தோட்டாவை ஏற்றி மறுபடி சுட்டேன். நாலடி நடந்து அப்படியே சாய்ந்தது. உரிக்கும்போது பார்த்தால் இரண்டு குண்டும் நுரையீரலைத் துளைத்திருந்தன. ஒன்று வெளியேறிவிட்டது. இன்னொன்று எதிர்ப்பக்கத் தோலுக்கு அடியில் மாட்டியிருந்தது, முனை நான்கு இதழாகப் பின்னோக்கி மடிந்து, அடிப்பாகம் புதிதுபோல. முதல் குண்டே போதுமானதுதான். ஆனாலும் எல்க் நின்றுகொண்டிருக்கும்வரை சுடுங்கள். சரியாகப் பட்ட எல்க்கூட நூறு கெஜம் ஓடி அடர்ந்த காட்டுக்குள் போய்விடும்.

இனி காலிபர். .30-06 வந்தது 1906-இல். .270 வின்செஸ்டர் 1925-இல். 7 எம்எம் ரெமிங்டன் மேக்னம் 1962, .300 வின்செஸ்டர் மேக்னம் 1963. இதில் எது கையில் இருந்தாலும் எல்க்குக்குப் போகலாம். சிறியதா பெரியதா என்ற சண்டையும் பழசுதான். ஐடஹோவில் இருந்த இரண்டு துப்பாக்கி எழுத்தாளர்கள், ஜாக் ஓ'கானர் .270-ஐத் தூக்கிப் பிடித்தார், எல்மர் கீத் கனமான பெரிய குண்டுதான் வேண்டும் என்றார். இருவருமே வாழ்நாள் முழுக்க எல்க் வேட்டையாடினார்கள். 2007-இல் வந்த 6.5 கிரீட்மூர் பற்றிக் கேட்பீர்கள். சுடும்போது தோளில் விழும் உதை குறைவு, குறி அருமை. நல்ல குண்டோடு 300 கெஜத்துக்குள் வைத்துக்கொள்கிறவருக்குப் பரவாயில்லை. ஆனால் கோணம் மோசமாக இருந்தால் .308 தருகிற கூடுதல் எடை எனக்கு வேண்டும்.

.300 மேக்னத்தில் என்ன கிடைக்கும்? 200 கெஜத்துக்குக் குறி வைத்த இரண்டு ரைஃபிளையும் ஒப்பிட்டால், 300 கெஜத்தில் குண்டு இறங்குவதில் இரண்டு மூன்று அங்குலம்தான் வித்தியாசம். அதற்கு விலையாக உதை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. தோள் வலிக்கப் போகிறது என்று மூளைக்குத் தெரிந்துவிட்டால் விசையை இழுக்கும் நொடியில் உடம்பு தானாகச் சுருங்கும், கண் மூடும். குண்டு வயிற்றில் படும். வயிற்றில் பட்ட மேக்னத்தைவிட நுரையீரலில் பட்ட .308 ஆயிரம் மடங்கு மேல். மேக்னத்தை உதைக்குப் பயப்படாமல் வருடம் முழுக்கச் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது நல்ல ரைஃபிள். ஆகஸ்டில் வாங்கி அக்டோபரில் மலையேறுகிறவருக்கு அல்ல.

சட்டப்படியும் உங்களுக்குத் தடையில்லை. கொலராடோவில் எல்க்குக்குக் குறைந்தது .24 காலிபர், 85 கிரெயின் எடையுள்ள விரியும் குண்டு, 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல் வேண்டும் என்று விதி. உங்கள் .308 அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் தரும். 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்போ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சிச் சான்று இல்லாமல் பொதுவாக உரிமம் வாங்க முடியாது. பளீர் ஆரஞ்சு அல்லது பிங்க் நிறச் சட்டையும் தொப்பியும் கட்டாயம். ஹெச்-1பி போன்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் கவனம்: அந்த விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது, செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் இருப்பது அதற்கு ஒரு விலக்கு. உரிமம் காலாவதி ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு குடிவரவு வழக்கறிஞரிடமும் கேட்டுவிடுங்கள்.

சரி, இப்போதிலிருந்து அக்டோபர் வரை என்ன செய்வது? செம்புத் தோட்டாவில் இரண்டு மூன்று வகை வாங்கி, துப்பாக்கிக் குழாயில் பழைய குண்டுகளின் உறைச் செம்பு படிந்திருப்பதை நன்றாகச் சுத்தம் செய்துவிட்டு, உங்கள் ரைஃபிளுக்கு எது ஒத்துப்போகிறது என்று பாருங்கள். ஒத்துப்போனதில் ஒரே தயாரிப்புத் தொகுதியில் சில பெட்டி வாங்கி வையுங்கள். அப்புறம் சுடுதள மேசையை விட்டு எழுந்துவிடுங்கள். மலையில் மேசை கிடையாது. உட்கார்ந்து, முழங்காலிட்டு, முதுகுப்பையில் சாய்த்து வைத்துச் சுடுங்கள். ஒன்பது அங்குலக் காகிதத் தட்டு ஒன்றை வைத்து, கொஞ்ச தூரம் ஓடி வந்து மூச்சு வாங்கும்போதே சுடுங்கள். எந்தத் தூரம் வரை எல்லாக் குண்டும் தட்டுக்குள் விழுகிறதோ அதுதான் உங்கள் எல்லை. அது 180 கெஜம் என்றால் 180 கெஜம்தான். 10,000 அடி உயரத்தில் மூச்சு இதைவிட மோசமாக வாங்கும்.

கொலராடோ போய்ச் சேர்ந்ததும் முகாமுக்குப் போகும் முன் ஒரு சுடுதளத்தில் நிறுத்தி மூன்று குண்டு சுட்டுப் பாருங்கள். உயரத்தில் காற்று மெலிது என்பதால் குண்டு கொஞ்சம் மேலே படலாம், அது பெரிதல்ல. பயணத்தில் ஸ்கோப் எங்காவது இடித்திருந்தால்தான் பிரச்சினை, அது சுட்டால்தான் தெரியும்.