கேனான், நிக்கான், சோனி: ஒரே காட்சி வேறு வேறு நிறத்தில் பதிவாவது ஏன்?

ஒரு கேமரா நிறுவனத்தின் 'நிறம்' என்பது, சென்சார் பதிவுசெய்த ஒளியைக் கேமராவின் மென்பொருள் எந்தச் சாயலில் ஜேபெக் படமாக்குகிறது என்பதே. சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒன்றை மட்டுமே பெறுவதால், மற்ற இரண்டையும் அக்கம்பக்கப் புள்ளிகளைக் கொண்டு மென்பொருள் கணிக்கிறது. பின்னர் தோலின் நிறத்தை எப்படிக் காட்டுவது என்பதை நிறுவனத்தின் ரசனையே தீர்மானிக்கிறது. ஒரே கடையில் மளிகை வாங்கினாலும் இரு வீட்டுச் சாம்பார் வேறு ருசியில் இருப்பது போன்றதுதான் இது; 2012இல் வந்த நிக்கான் டி800இன் சென்சாரையே சோனிதான் தயாரித்தது. நியாயமாக ஒப்பிட, ரா கோப்புகளை (கேமராவின் மென்பொருள் ஜேபெக்காக மாற்றாத சென்சார் பதிவுகளை) ஒரே மென்பொருளில், ஒரே வெள்ளைச் சமநிலையில் (வெள்ளைப் பொருளை வெள்ளையாகவே காட்டும் நிறத் திருத்தத்தில்) திறந்து பார்க்க வேண்டும். இந்த நிறம் லென்ஸால் வருவதாகப் பலர் எண்ணுகின்றனர். லென்ஸ் பூச்சு தரும் சிறு சாயல், வெள்ளைச் சமநிலையைத் திருத்தினால் பெரும்பாலும் மறைந்துவிடும்.