வலி மாத்திரை போதையும் சிறுநீர் ஸ்டிரிப்பும்: வேலூர் கேள்வி பதில்

லேபில் வேலை பார்ப்பவன் என்பதால் ஓபியாய்டு (அபின் போல வேலை செய்யும் வலி மருந்துகள்) இருக்கிறதா என்று சிறுநீரில் பார்க்கும் பரிசோதனை பற்றி நம் பக்கத்து ஆட்கள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் இங்கேயே பதில் எழுதுகிறேன்.

காட்பாடியிலிருந்து ஒரு அப்பா: மகன் பையில் டேபென்டடால் என்ற வலி மாத்திரை அட்டை கிடைத்தது. ஸ்டிரிப் வாங்கிப் பார்த்தேன், நெகட்டிவ். நிம்மதியாக இருக்கலாமா?

இன்னும் இல்லை, ஐயா. கடையில் ‘ஓபியேட்’ (அபினிலிருந்து வரும் வகை) என்று கேட்டால் கொடுப்பது பெரும்பாலும் மார்ஃபின் ஸ்டிரிப். அதிலுள்ள ஆன்டிபாடி (குறிப்பிட்ட பொருளோடு ஒட்டும் புரதம்) மார்ஃபின், கோடீன், ஹெராயின் ஆகியவற்றைத்தான் பிடிக்கும். டேபென்டடால், டிரமடால், மெதடோன், ஃபென்டனில் எல்லாம் முழுக்கத் தொழிற்சாலையில் உருவாகிறவை. அவற்றின் வேதி அமைப்பு வேறு என்பதால் அந்த ஸ்டிரிப்புக்கு அவை தெரியாது. ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்டிரிப் உண்டு. பல மருந்துகளைச் சேர்த்துப் பார்க்கும் கப் வாங்கினாலும், உங்களுக்கு வேண்டிய பெயர் அதில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட முக்கியம், அந்த அட்டை எப்படி வந்தது என்று மகனிடமே நிதானமாகக் கேளுங்கள்.

குடியாத்தம் நர்ஸ் அக்கா: ஸ்டிரிப்பில் மருந்தைச் சோதிக்கும் ‘டி’ கோடு மங்கலாக வந்தால் எப்படி எடுத்துக்கொள்வது?

நெகட்டிவ்தான், அக்கா. கர்ப்பப் பரிசோதனைக்கு நேர்மாறு இது. மருந்து இருந்தால் ஆன்டிபாடியை அது பிடித்துக்கொள்ளும், கோடு வராது. கிட் வேலை செய்கிறதா என்று காட்டும் ‘சி’ கோடே வரவில்லை என்றால் கிட் பழுது. பெரும்பாலான கிட்டுகளை 5 நிமிடத்தில் படிக்க வேண்டும், 10 நிமிடம் தாண்டியதை நம்பக் கூடாது.

ராணிப்பேட்டை லாரி உரிமையாளர்: டிரைவருக்கு ஓபியேட் பாசிட்டிவ். வேலையை விட்டு நிறுத்தலாமா?

தயவுசெய்து அவசரப்படாதீர்கள், அண்ணா. ஸ்டிரிப் செய்வது சலித்தெடுக்கும் வேலை மட்டும்தான். குருமாவில் அரைத்துவிட்ட கசகசாவே சில சமயம் பாசிட்டிவ் காட்டும். கோடீன் கலந்த இருமல் டானிக்கும் காட்டும். லிவோஃப்ளாக்சசின், ஆஃப்லாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளும், டிபிக்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினும் சில கிட்டுகளை ஏமாற்றும். டிபி மாத்திரை சாப்பிடுகிற ஒரு மனிதரின் பிழைப்பு இப்படிப் போனால் அது பெரும் அநியாயம். கிட்டின் வரம்பையும், அதாவது எந்த அளவு இருந்தால் பாசிட்டிவ் காட்டும் என்பதையும், பாருங்கள். ஒரு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராம் வரம்பு வைத்த கிட்டில் பாசிட்டிவ் வந்தவர், 2000 வரம்பு வைத்ததில் நெகட்டிவ் ஆகலாம். மாதிரியை மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி (எந்த மருந்து என்று துல்லியமாக அடையாளம் காணும் முறை) வசதியுள்ள லேபுக்கு அனுப்பி உறுதி செய்யுங்கள். அப்போதும் தெரிவது அந்த மருந்து உடம்பில் இருந்தது என்பதுதான். வண்டி ஓட்டும்போது மயக்கத்தில் இருந்தாரா என்பதைச் சிறுநீர் சொல்லாது. டிரமடால் ஓரிரு நாள் தெரியும். ஃபென்டனிலைத் தொடர்ந்து எடுத்தவருக்கு ஒரு வாரம் கடந்தும் தெரியலாம்.

வாலாஜா மெடிக்கல் ஷாப் தம்பி: ஸ்டாக்கை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டுமா?

அவசியமில்லை. பெரும்பாலான பெட்டிகளில் 2 முதல் 30 டிகிரி வரை என்று போட்டிருக்கும். ஆனால் நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரைக்குக் கீழே வைத்த கிட்டை நம்பாதே.

சத்துவாச்சாரி அம்மா: மகளுக்குத் தெரியாமல் சோதிக்கலாமா?

வேண்டாம் அம்மா. தெரிந்தால் அவள் அடுத்த முறை உங்களிடம் எதையும் சொல்ல மாட்டாள். பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையம் இருக்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலும் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். மாத்திரையை மட்டும் நீங்களாகப் பிடுங்கி ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். அந்த அவதி தாங்காமல் திரும்ப அதற்கே போவார்கள். டாக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

ஆம்பூர் கல்லூரி மாணவர்: நண்பன் மாத்திரை போட்டுவிட்டு எழுப்பினாலும் எழவில்லை என்றால் ஸ்டிரிப்பில் பார்க்கலாமா?

ஸ்டிரிப்பைத் தொடவே தொடாதே தம்பி. மூச்சு மெதுவாக இருந்தாலோ, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருந்தாலோ, உதடு நீலம் பாய்ந்திருந்தாலோ உடனே 108. மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வை. என்ன மாத்திரை என்று மறைக்காமல் சொல், அட்டை இருந்தால் கையோடு கொடு. ஓபியாய்டை முறிக்கும் நலோக்சோன் ஊசி நேரத்துக்குப் போட்டால் மூச்சு திரும்பும்.