இங்கிலாந்தில் தினமும் காலையில் பள்ளி தொடங்கும் முன் குழந்தையை ஒருவரிடம் விட்டுச் செல்வதற்கு, பதிவு பெற்ற சைல்ட்மைண்டரை எப்படித் தேடுவது?

சைல்ட்மைண்டர் என்பவர் கட்டணம் வாங்கிக்கொண்டு, தன் வீட்டிலேயே பிறர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர். 8 வயதுக்குட்பட்டவர்களை ஒரு நாளில் மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் கவனித்தால், ஆஃப்ஸ்டெட் என்ற அரசு அமைப்பிலோ ஒரு சைல்ட்மைண்டர் ஏஜென்சியிலோ அவர் பதிவு செய்தாக வேண்டும். ஒரு வீட்டுக்குள் நடப்பதை வெளியார் யாரும் பார்ப்பதில்லை. அதனால்தான் அவரோடு, அங்கே வசிக்கும் 16 வயது நிரம்பிய எல்லோருடைய பின்னணியையும் சோதிக்கிறார்கள்.

தேடலைப் பள்ளியிலிருந்து தொடங்குங்கள். வீட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்தும் பயன்படாமல் போகலாம். ஷேர் ஆட்டோ போல அவருக்கும் ஒரு வழித்தடம் உண்டு. மணி அடிப்பதற்குள் எல்லாக் குழந்தைகளையும் கொண்டுபோய் விட வேண்டுமே, எனவே ஒன்றிரண்டு பள்ளிகளுக்குத்தான் போவார். பள்ளி அலுவலகத்தில் விசாரியுங்கள், உள்ளாட்சிக் கவுன்சிலின் குடும்பத் தகவல் சேவையிலும் கேளுங்கள். அப்புறம் அவரிடம் பதிவு எண்ணை வாங்கி, அவர் ஆஃப்ஸ்டெட்டில் பதிவு செய்தவர் என்றால் அதன் இணையதளத்தில் ஆய்வு அறிக்கையைப் படியுங்கள். முடிந்தால் பரபரப்பான ஒரு காலை வேளையிலேயே நேரில் போய்ப் பாருங்கள். அவசரத்தில் குழந்தைகளிடம் அவர் எப்படிப் பேசுகிறார் என்பது எந்த அறிக்கையிலும் இருக்காது.

சின்னக் குழந்தைகளுக்கு அரசு தரும் வாரம் 15 அல்லது 30 மணி நேர இலவசப் பராமரிப்பு இதற்கும் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பள்ளியின் முதல் வகுப்பான ரிசெப்ஷனில் சேர்ந்ததும் அது நின்றுவிடும். ஆனால் வேலைக்குப் போகும், தகுதியுள்ள பெற்றோர் டாக்ஸ்-ஃப்ரீ சைல்ட்கேர் கணக்கில் 8 பவுண்ட் போட்டால் அரசு 2 பவுண்ட் சேர்க்கும், அந்தப் பணத்தைப் பதிவு பெற்றவருக்குத்தான் செலுத்த முடியும்.